றெஜியின் விண்ணப்பம்

குருநகர்
05.02.2024

டிலக்ஷிக்கு அக்கா எழுதிக்கொள்ளுறது,

கடிதத்தைக் கண்டதும் பயப்பிடாதை. இஞ்சை ஆருக்கும் ஒண்டுமில்லை. மூண்டு நாளா உனக்குப் போன் எடுத்தனான், நீ எடுக்கேல்லை. கைப்பிள்ளைக்காரி, கந்தோர் வேலை வேறை, மாமியோடை இருக்கிற வீடு. எனக்கு விளங்குது. அதுதான் எழுதுறன்.

போன கிழமை றெஜியைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனனான். இருக்கிற வாங்கிலை எனக்குப் பக்கத்திலை ஒரு தாய், பேர் பஸீனா. முஸ்லிம் ஆக்கள், புத்தளத்திலை இருந்து திரும்பி வந்து இஞ்சை குடியிருக்கினம். அவவின்ரை மகன் இஸ்ஸத்துக்கும் எங்கடை றெஜியைப் போலை ஓட்டிசம். ரெண்டு பேரும் கதைச்சுக்கொண்டிருக்கேக்கை அவ சொன்னா, அவையின்ரை பிள்ளைக்கு மாதாமாதம் அரசாங்க உதவிப்பணம் வருதாம். அந்தக் காசிலைதான் ஓட்டோ பிடிச்சு, கிழமையிலை ரெண்டு நாள் பயிற்சி நிலையத்துக்குக் கொண்டுபோறாவாம். அந்தப் பெடியன் இப்ப தண்ணி வேணுமெண்டால் படத்தைத் தொட்டுக் காட்டுறான். நான் கண்ணாலை கண்டனான்.

"நாங்களும் மூண்டு வருசத்துக்கு முந்தியே எழுதிக் குடுத்தனாங்கள், நாட்டிலை காசில்லை, புதுப்பேர் எடுக்கினமில்லை எண்டு தங்கச்சி சொன்னவள்" எண்டன். அவ என்னை ஒருமாதிரிப் பாத்தா. "நாங்கள் போன வருசம்தானே குடுத்தது" எண்டா.

நீ விண்ணப்பத்தை எந்தத் திகதி குடுத்தனீ, துண்டு ஏதும் தந்தவையோ? அதிலை நம்பர் இருக்குமாம். எழுதி அனுப்பு. நான் கொண்டுபோய்க் காட்டுறன்.

கனிசியஸ் அத்தான் சுகமாயிருக்கிறார். தொழில் பரவாயில்லை. குட்டி மருமகனுக்கு என்ரை கொஞ்சல்.

அக்கா
மார்கிரட்


இளவாலை
12.02.2024

அன்பின் அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. வேலைப்பளு காரணமாகத் தொலைபேசியில் கதைக்க முடியவில்லை, குறை நினைக்க வேண்டாம்.

விண்ணப்பம் 2021 மார்ச் மாதம் உரிய இடத்தில் ஒப்படைக்கப்பட்டது. அந்தக் காலத்தில் கொரோனாவால் கந்தோர்கள் பூட்டியும் திறந்தும் இருந்தபடியால் பல கோப்புகள் இடம் மாறின. எங்களுடையதும் அப்படித் தவறியிருக்கலாம். பற்றுச்சீட்டு என்னிடம் இல்லை.

நீங்கள் அங்கு போய் அலைய வேண்டாம். அவர்கள் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். நான் வேறு செயலகத்தில் வேலை செய்தாலும் எல்லோரும் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள், ஆகவே என் பெயரையும் சொல்ல வேண்டாம். புதுப் படிவம் ஒன்று எடுத்து நானே நிரப்பி அனுப்புகிறேன். கையெழுத்து மட்டும் வைத்தால் போதும்.

மகன் நலம். தவழுகிறான்.

தங்கை
டிலக்ஷி


குருநகர்
20.02.2024

டிலக்ஷி,

உன்ரை கடிதம் வாறதுக்கு முதல் நாளே நான் கந்தோருக்குப் போயிட்டன். நம்பர் இல்லாட்டிலும் பேரைச் சொல்லித் தேடச் சொல்லுவம் எண்டு போனனான்.

அந்தக் கந்தோரிலை ஒரு மிஸ், நல்ல பிள்ளை. என்னைக் கதிரையிலை இருத்தி, 2021ஆம் ஆண்டுப் பதிவுப் புத்தகத்தை எடுத்து மார்ச்சிலை இருந்து டிசம்பர் மட்டும் விரலை வைச்சுப் பாத்தவ. பேந்து 22ஐயும் பாத்தவ. "அம்மா, கொண்டந்து தாற ஒவ்வொண்டையும் அண்டைக்கே இதிலை பதியிறனாங்கள். உங்கடை பிள்ளையின்ரை பேர் எங்கடை வாசலுக்கே வரேல்லை" எண்டா. கோப்பு மாறினாலும் புத்தகம் மாறாதாம்.

நான் உன்ரை பேரைச் சொல்லேல்லை. பயப்பிடாதை. "தபாலிலை துலைஞ்சுபோச்சாக்கும் மிஸ்" எண்டு சொல்லிப்போட்டு எழும்பி வந்தனான். உனக்காக அந்தப் பிள்ளைக்கு முன்னாலை நான் பொய்க்காரியா நிண்டனான்.

இப்ப சொல்லு. அண்டைக்கு நான் கிளினிக் துண்டு, பிறப்புச் சாட்சிப் பத்திரம், கிராம விதானையாரின்ரை கையெழுத்து எல்லாம் ஒரு பையிலை போட்டு உன்ரை கையிலைதானே தந்தனான்? "நீ கந்தோர்காரி, நீ குடுத்தால் கெதியா நடக்கும்" எண்டுதானே தந்தனான்? அது எங்கை?

போன மார்கழியிலை உன்ரை மகனின்ரை ஞானஸ்நானத்துக்கு "றெஜியை விட்டிட்டு வாங்கோ அக்கா, சத்தத்துக்குக் குழம்பிடுவாள்" எண்டனீ. அவளிலை உள்ள அக்கறை எண்டு நினைச்சு அவளை அத்தானோடை விட்டிட்டு வந்தனான். உங்கை சாப்பாட்டு மேசையிலை உன்ரை மாமி செபஸ்தியம்மா என்னட்டைக் கேட்டா, "உங்கடை மகளுக்குக் காது மிசின் பூட்டினால் கேக்காதோ பிள்ளை?" எண்டு. நான் ஆள் மாறிக் கேக்கிறா எண்டு நினைச்சுச் சிரிச்சுப்போட்டு விட்டிட்டன். ரெண்டு மாதமா அதை மறந்துபோனன். புத்தகத்தைப் பாத்திட்டு வந்து வீட்டு வாசலிலை செருப்பைக் கழட்டேக்கை ஞாபகம் வந்துது.

என்ரை பிள்ளைக்குக் காது கேக்கும் டிலக்ஷி. குக்கர் விசில் அடிச்சால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்குக் கீழை போறவள் அவள்.

போன் எடுக்காதை. உன்ரை குரலைக் கேட்டால் நான் என்ன சொல்லுவன் எண்டு எனக்குத் தெரியாது. எழுது.

மார்கிரட்


இளவாலை
02.03.2024

அக்கா,

பத்து நாளா எழுதிக் கிழிக்கிறன். கந்தோர்த் தமிழிலை எழுதினால் பொய் சுகமா வருது. அதாலை கதைக்கிற மாதிரியே எழுதுறன்.

விண்ணப்பம் என்னட்டைத்தான் கிடக்கு. அலுமாரியிலை, என்ரை சேட்டிபிக்கற் வைக்கிற பெட்டிக்குக் கீழை. நீங்கள் தந்த அதே பையோடை.

நான் அதைக் குடுக்கவெண்டுதான் போனனான். நம்புவீங்களோ தெரியாது. வரிசையிலை நிக்கேக்கை சுவரைப் பாத்தன். உதவி எடுக்கிற ஆக்களின்ரை பேர் விபரம் ஒட்டியிருந்தது. பிள்ளையின்ரை பேர், தாயின்ரை பேர், விலாசம், என்ன குறைபாடு எண்டு எல்லாம். ஆருக்கும் ஆட்சேபனை இருந்தால் சொல்லலாம் எண்டு கீழை எழுதியிருந்தது. அந்தக் கிழமைதான் லெனாட்டின்ரை வீட்டிலை இருந்து என்னைப் பாத்திட்டுப் போனவை. செபஸ்தியம்மா மாமியின்ரை சொந்தக்காரர் உங்கடை ஒழுங்கையிலேயே ரெண்டு வீடு. தரகர் வேறை "குடும்பத்திலை வருத்தம் துன்பம் ஏதும் இல்லைத்தானே" எண்டு மூண்டு தரம் கேட்டவர். அப்ப எனக்கு முப்பத்தொரு வயசு அக்கா. ரெண்டு சம்பந்தம் குழம்பி வீட்டிலை இருந்தனான்.

வரிசையிலை இருந்து விலகினன். கலியாணம் முடியட்டும், ரெண்டு மாதம்தானே எண்டு நினைச்சன். காது கேக்காத பிள்ளை, காய்ச்சலிலை வந்தது எண்டு அவைக்குச் சொன்னதும் நான்தான். காய்ச்சலிலை வந்தது பரம்பரையிலை வராதெண்டு நினைப்பினம் எண்டு.

கலியாணம் முடிஞ்சுது. பிறகு குடுத்திருக்கலாம். ஏன் இவ்வளவு நாள் பிந்தினது எண்டு நீங்கள் கேப்பீங்கள் எண்டு ஒரு மாதம் விட்டன். அடுத்த மாதம் இன்னும் கஸ்டமாயிருந்துது. பிறகு நாட்டிலை காசில்லாமல் போச்சு, அது எனக்கு ஒரு சாட்டாப் போச்சு. மண்ணெண்ணெய் இல்லாமல் அத்தான் தொழிலுக்குப் போகேலாமல், "என்ன செய்யிறதெண்டு தெரியேல்லையடி" எண்டு நீங்கள் போனிலை அழுதனீங்கள். அப்ப நான் அந்த அலுமாரிக்கு முன்னாலைதான் நிண்டு கதைச்சனான். கையை நீட்டினால் எடுத்திருக்கலாம்.

பிள்ளைகள் அஞ்சு வயசிலை, அப்ப றெஜிக்கும் அதே வயசுதான், பயிற்சிக்குப் போனால் எவ்வளவு வித்தியாசம் எண்டு எங்கடை கந்தோரிலையே எத்தினை கூட்டத்திலை சொல்லியிருக்கினம். நான் முன்வரிசையிலை இருந்து குறிப்பெடுத்தனான்.

மன்னிக்கச் சொல்லிக் கேக்க எனக்கு வாய் வரேல்லை. றெஜியின்ரை ஓட்டோச் செலவை நான் மாதாமாதம் அனுப்புறன். அதையாவது செய்யவிடுங்கோ.

டிலக்ஷி


குருநகர்
09.03.2024

டிலக்ஷி,

உன்ரை காசு வேண்டாம். அவளுக்கு வரவேண்டியது அவளின்ரை பேரிலை வரட்டும்.

நீ எழுதினதை அத்தானுக்கு வாசிச்சுக் காட்டினனான். அவர் எழும்பிக் கடற்கரைக்குப் போட்டார். எனக்கு உன்னை அறைய வேணும்போலை இருந்துது. இருந்தாலும், உனக்கு எழுதாத ஒண்டு என்னட்டையும் கிடக்கு. உன்னைத் திட்டத் திட்ட அது என்னைக் குத்துது.

மண்ணெண்ணெய் இல்லாத அந்த வருசம் அத்தான் கொழும்புக்கு மேசன் வேலைக்குப் போனவரெல்லே. நான் நண்டுக் கொம்பனிக்குச் சதை எடுக்கப் போனனான். காலமை ஆறு மணிக்குப் போனால் ரெண்டு மணிக்குத்தான் விடுவினம். றெஜியைப் பாக்க ஆருமில்லை. முதல் கிழமை கதவைப் பூட்டிப்போட்டுப் போனனான். அவள் யன்னலாலை இறங்கிக் கடலுக்குப் போட்டாள். இறங்குதுறையிலை நிண்ட ஆக்கள் கழுத்தளவு தண்ணியிலை இருந்து தூக்கிக்கொண்டு வந்து தந்தவை. சிரிச்சுக்கொண்டு வந்தாளாம்.

அடுத்த நாளிலை இருந்து அவளைக் கட்டிப்போட்டுப் போனனான். நைலோன் கயிறு. வலது கால், கட்டில் கால். தண்ணிப் போத்திலும் பிஸ்கற்றும் பக்கத்திலை வைச்சுப்போட்டு. ஒரு மாதம் இல்லை டிலக்ஷி, ஒரு வருசமும் நாலு மாதமும்.

அவளின்ரை கணுக்காலிலை கறுப்பு வளையம் ஒண்டு இருக்கு. அதுதான் நான் அவளுக்கு எப்பவும் நீளக் காற்சட்டை போடுறது. நீ ஒருநாளும் கேக்கேல்லை.

அந்த மிஸ் புது விண்ணப்பம் எடுத்து, மருத்துவப் பரிசோதனைக்குத் திகதியும் தந்தவ. மார்ச் 26, பெரிய கிழமைச் செவ்வாய். நான் போகமாட்டன். டொக்ரர் பிள்ளையை முழுக்கப் பாப்பார். இதென்ன எண்டு கேப்பார். பிள்ளையைப் பறிச்சுக்கொண்டு போனால் நான் என்ன செய்யிறது? பறிக்காட்டிலும், அந்த அறையிலை நான் எப்பிடி நிக்கிறது?

நீ ஒளிச்சது ஒரு கடுதாசிக்கட்டு. நான் ஒளிக்கிறது அவளின்ரை கால்.

மார்கிரட்


இளவாலை
17.03.2024

அக்கா,

நீங்கள் கட்டின கயிறு எண்டு எழுதியிருக்கிறீங்கள். அந்த விண்ணப்பத்தை நான் குடுத்திருந்தால் நீங்கள் நண்டுக் கொம்பனிக்குப் போயிருக்கத் தேவையில்லை. அதிலை ஒரு முனை என்ரை கையிலைதான் இருக்கு. இதை உங்களுக்கு ஆறுதலாச் சொல்லேல்லை. கணக்குப் பாத்தால் அப்பிடித்தான் வருது.

லெனாட்டுக்குச் சொல்லிப்போட்டன். மகனை நித்திரையாக்கிப்போட்டு, பையை எடுத்து அவருக்கு முன்னாலை வைச்சன். எல்லாத்தையும் வாசிச்சார். "எனக்குமோ சொல்லேல்லை?" எண்டு மட்டும் கேட்டார். மூண்டாம் நாள் அவரே தாய்க்குச் சொன்னார்.

மாமி குசினியிலை தேங்காய் துருவிக்கொண்டு இருந்தவ. "அந்தப் பிள்ளையைப் பற்றித் தெரிஞ்சிருந்தால் நான் வேண்டாமெண்டு சொல்லியிருப்பன் எண்டோ நினைச்சனீ?" எண்டு கேட்டா. நான் ஓம் எண்டன். அவ துருவலையை நிப்பாட்டேல்லை. கொஞ்ச நேரத்தாலை, "சொல்லியிருப்பனோ என்னவோ" எண்டா. அந்தப் பதிலுக்காக நான் அவவை மதிக்கிறன்.

26ஆம் திகதி லீவு போட்டிருக்கிறன். நான் வாறன். டொக்ரர் கேட்டால் ரெண்டு பேருமா நிண்டு சொல்லுவம். தயவுசெய்து போகாமல் விடாதேங்கோ. இன்னொருக்காத் திகதி எடுக்க ஆறு மாதம் போயிடும், எனக்குத் தெரியும். ஏழரைக்கு ஆஸ்பத்திரி வாசலிலை நிப்பன்.

டிலக்ஷி


குருநகர்
27.03.2024

டிலக்ஷி,

நேற்று நீ வந்தனீதான். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. வெய்யிலுக்கை றெஜிக்குக் குடை பிடிச்சுக்கொண்டு நிண்டனீ. ஸ்கானிங் அறை மிசின் சத்தத்துக்கு அவள் நாடியிலை குத்திக் குத்திக் கத்தேக்கை, எல்லாரும் திரும்பிப் பாக்க, நிலத்திலை அவளுக்குப் பக்கத்திலை குந்தினனீ. நல்ல சீலையோடை.

அப்பதான் உன்ரை கந்தோர்ப் பிள்ளை வந்தவள். "டிலக்ஷி அக்கா, நீங்களோ இஞ்சை? ஆர் இந்தப் பிள்ளை?" எண்டு கேட்டவள்.

நீ எழும்பிச் சீலையைத் தட்டிக்கொண்டு, "கீர்த்திகா, இது தெரிஞ்ச ஆக்களின்ரை பிள்ளை, உதவிக்கு வந்தனான்" எண்டனீ.

நான் ஒரு முழத் தூரத்திலை நிண்டனான்.

உன்னிலை கோவிக்க எனக்கு நேரம் கிடைக்கேல்லை. அடுத்த நிமிசம் எங்களைக் கூப்பிட்டிட்டினம். டொக்ரர் பொறுமையான மனிசன். றெஜியோடை நிலத்திலை இருந்து பந்து உருட்டினார். காற்சட்டையை மடிச்சுப் பாத்தார். "இது எப்பிடி வந்தது அம்மா?" எண்டார். நீ என்னைப் பாத்தனீ. நான் சுவரைப் பாத்துக்கொண்டு, "வலைக் கயிறு சுத்தினது டொக்ரர், மீன்பிடிக்கிற வீடு" எண்டன். அவர் அதை அப்பிடியே எழுதினார். நீ அதைத் திருத்தேல்லை.

ரெண்டு பேருமா நிண்டு சொல்லுவம் எண்டுதானே வந்தனாங்கள்? ரெண்டு பேருமா நிண்டு ஆளுக்கொரு பொய் சொல்லிப்போட்டு வந்தனாங்கள்.

பஸ்ஸிலை நீ யன்னலைப் பாத்துக்கொண்டு வந்தனீ, நான் மற்றப் பக்கத்தைப் பாத்துக்கொண்டு வந்தனான். நடுவிலை அவள் இருந்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். எங்கள் மூண்டு பேரிலையும் வெக்கம் இல்லாமல் இருந்தது அவள் ஒருத்திதான்.

மார்கிரட்


இளவாலை
06.04.2024

அக்கா,

பெரிய வெள்ளிக்கு முதல் நாள் பாவசங்கீர்த்தனம் செய்தனான். சுவாமி இருட்டுக்குள்ளை இருந்து கேட்டார், மூண்டு செபம் சொல்லச் சொன்னார். வெளியிலை வந்தன். ஒண்டும் குறையேல்லை. நான் பொய் சொன்னது சுவாமிக்கு இல்லையே.

பாஸ்கு முடிஞ்சு கந்தோர் திறந்த அண்டைக்குக் கீர்த்திகாவின்ரை மேசைக்குப் போனன். அவள் பாண் சாப்பிட்டுக்கொண்டு இருந்தாள். "அண்டைக்கு ஆஸ்பத்திரியிலை கண்ட பிள்ளை என்ரை சொந்த அக்காவின்ரை மகள். நான் அவளின்ரை சின்னம்மா" எண்டன். அவள் பாணைக் கையிலை வைச்சுக்கொண்டு, "அதுக்கென்ன அக்கா?" எண்டாள். அவளுக்கு அது ஒரு விசயமே இல்லை. நான் மூண்டு வருசம் பயந்தது உந்த "அதுக்கென்ன"வுக்குத்தான்.

எனக்கு அதிலை ஆறுதல் வரேல்லை, இன்னும் கேவலமாத்தான் இருந்துது. பிறகு வாஷ்றூமுக்கை போய் நிண்டு அழுதனான்.

இன்னொண்டும் செய்தனான். மூண்டு வருசத்துக்கு முந்தி ஒரு பிள்ளையின்ரை விண்ணப்பத்தை ஒப்படைக்க எண்டு வாங்கி, வேணுமெண்டே ஒப்படைக்காமல் வைச்சிருந்தன் எண்டு எழுதி, உங்கடை பக்கத்துக் கந்தோரிலை புத்தகம் பாத்த அந்த மிஸ்ஸிட்டைக் கையிலை குடுத்தன். பழைய விண்ணப்பத்தையும் பையோடை குடுத்தன். எங்கடை மேலதிகாரிக்கும் ஒரு பிரதி. விசாரணை வருமாம். சம்பள உயர்வு நிக்கலாம், இடமாற்றமும் வரலாம். போன மூண்டு வருசத்தின்ரை பணத்தைத் திருப்பித் தர அவையளாலை ஏலாது எண்டு அந்த மிஸ் சொன்னவ. அதைக் கேட்டுக்கொண்டு நிக்கிறதுதான் எல்லாத்திலையும் கஸ்டமாயிருந்துது.

உங்களை ஏதும் செய்யச் சொல்லி நான் இதை எழுதேல்லை. நீங்கள் டொக்ரரிட்டைச் சொன்னதை மாத்திறதோ விடுறதோ உங்கடை விருப்பம். அண்டைக்கு அந்த அறையிலை நான் வாயைத் திறக்காமல் நிண்டது உங்களைக் காப்பாத்த எண்டு நினைச்சன். வீட்டை வந்து யோசிச்சால், என்னைக் காப்பாத்தத்தான்.

டிலக்ஷி


குருநகர்
29.04.2024

டிலக்ஷி,

உன்ரை கடிதத்தை வைச்சுக்கொண்டு ரெண்டு கிழமை இருந்தனான்.

போன திங்கள் தனியப் போய் அந்த டொக்ரரைச் சந்திச்சன். நம்பர் எடுக்காமல் வாசலிலையே நிண்டனான். கடைசியாக் கூப்பிட்டார். நிண்ட நிலையிலையே சொன்னன். கயிறு, கட்டில் கால், எத்தினை மாதம் எண்டு எல்லாம். அவர் பேசவுமில்லை, பரவாயில்லை எண்டு சொல்லவுமில்லை. "இப்ப ஆர் பாக்கிறது?" எண்டு கேட்டார். கனிசியஸ் திரும்பித் தொழிலுக்கு வந்திட்டார், அவர் இரவிலை கடலுக்குப் போய், பகலிலை வீட்டிலை நிக்கிறார் எண்டன். "இதை நான் அறிவிக்க வேணும் அம்மா, ஆக்கள் வந்து பாப்பினம்" எண்டார். ஓம் எண்டன்.

வந்தவை. சிறுவர் பகுதியிலை இருந்து ஒரு பெண் உத்தியோகத்தர். கட்டிலைப் பாத்தா, யன்னலைப் பாத்தா, ஒழுங்கையிலை விசாரிச்சா. முழு ஒழுங்கைக்கும் இப்ப தெரியும். கோயிலுக்குப் போகேக்கை சிலபேர் கதையை நிப்பாட்டுகினம். பிள்ளையை எடுக்கேல்லை. மாதம் ஒருக்கா வந்து பாப்பினமாம். அந்த உத்தியோகத்தர் திரும்ப வரேக்கையும் கதவைத் திறப்பன்.

றெஜியின்ரை பேர் பதிவாயிட்டுது. பணம் எப்ப வரும் எண்டு சொல்லேலாது, வரிசை இருக்காம். ஆனால் பயிற்சி நிலையத்திலை இடம் தந்திட்டினம், திங்களும் வியாழனும் காலமை. அங்கை பேச்சுப் பயிற்சி குடுக்கிற பிள்ளை அவளை ஒரு மணித்தியாலம் பாத்திட்டு, "கொஞ்சம் வெள்ளனக் கொண்டந்திருக்கலாம் அம்மா" எண்டவ. நான் ஒருத்தரையும் சாட்டேல்லை. "ஓம், பிந்திப்போனம்" எண்டன்.

உன்னை மன்னிச்சிட்டன் எண்டு நினைச்சுக்கொள்ளாதை. சில நாள் மன்னிச்சமாதிரி இருக்கும். பஸீனாவின்ரை மகன் படத்தைத் தொட்டுத் தண்ணி கேக்கிறதைக் காணேக்கை திரும்பவும் உன்னிலை கோவம் வரும். என்னையும் நான் அப்பிடித்தான் வைச்சிருக்கிறன்.

திங்களிலை நான் கொண்டுபோவன். வியாழக்கிழமை எனக்குக் கொம்பனியிலை விடுகினமில்லை, அத்தானுக்கு அண்டைக்கு மீன்பிடிச் சங்கக் கூட்டம். உன்னாலை ஏலுமோ? விசாரணை முடியுமட்டும் உன்னைக் கந்தோருக்கு வரவேண்டாமெண்டு சொல்லியிருக்கினம் எண்டு லெனாட் போனிலை சொன்னவர். அதுதான் கேக்கிறன். ஏலாதெண்டால் ஏலாதெண்டு எழுது, சாட்டு எழுதாதை.

வாறதெண்டால் எட்டு மணிக்கு வீட்டை வா. அவள் கையைப் பிடிக்க விடாள். நீ முன்னாலை நட, பின்னாலை வருவாள். திரும்பித் திரும்பிப் பாக்காதை, பாத்தால் நிண்டிடுவாள். ஒழுங்கையிலை ஆராவது கூப்பிட்டு எங்கை போறாய் எண்டு கேட்டால், நிண்டு பதில் சொல்லிப்போட்டுப் போ. அவள் பொறுப்பாள்.

அக்கா